இடது பக்கம் மட்டும்

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. இது பெருமை இல்லை, தொழில் கொடுத்த நோய். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனை அறையில் உட்கார்ந்துதான் என் தலை நரைத்தது. கறுப்பு அட்டையில் நூலை நெருக்கமாகச் சுற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று பார்ப்பது வேலை. நல்ல நூலைப் பார்த்தாலும் கண் முதலில் குறையைத்தான் தேடும். அந்தக் கண்ணோடுதான் மளிகைக் கடைக்கும் போனேன், வேதக்கோவிலில் மாதர் ஐக்கியக் கூட்டத்துக்கும் போனேன், குடும்பமும் நடத்தினேன். "ஒனக்கு மோட்சத்துல எடம் குடுத்தாலும் மொதல்ல கூரை ஒழுகுதான்னுதான் பாப்ப" என்பார் என் கணவர்.

மில்லிலிருந்து ஓய்வு பெற்ற அடுத்த தை மாதம், என் மகள் ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அம்மா, ஒனக்கு ஒரு எடத்துல அப்பாயிண்ட்மென்ட் போட்டிருக்கேன்" என்றாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. சென்னை கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். பகல் முழுதும் மாடி அறையில் கம்ப்யூட்டர் கேமரா முன்னால் உட்கார்ந்திருப்பாள். தானாக இறங்கி வந்து என்னிடம் பேசுகிறாள் என்றாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"என்னட்டி அப்பாயிண்ட்மென்ட்? எனக்குச் சீக்கு ஒண்ணும் இல்லையே."

"சீக்கு இல்லம்மா. மொகத்துக்கு."

தென்காசி ரோட்டில் ஒரு மாடியில் புதிதாகத் தோல் கிளினிக் திறந்திருந்தார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை, முகத்தில் தொங்குகிற சதையை ஒலியலை விட்டே இறுக்கித் தூக்கிவிடுவார்களாம். ஹைஃபு என்று பெயர் சொன்னாள். "வயித்துப் பிள்ளையப் பாக்காகல்ல ஒரு ஸ்கேன், அந்த மாதிரிதான். அது பாக்கும். இது உள்ள போயி சூடு குடுக்கும். சூடு பட்ட எடம் மெதுவா இறுகும்" என்றாள். இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னாள். ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கன்னம் இரண்டும் இறங்கி, வாயோரத்துக்குக் கீழே இரு பக்கமும் சின்னச் சின்னப் பைகளாக நின்றன. தாடையில் கோடு என்று ஒன்று இருந்ததற்கு என் கல்யாண போட்டோ மட்டும்தான் சாட்சி. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்ததில்லை. எங்கள் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்தப் பையைப் பிடித்து இழுத்து விளையாடியிருக்கிறேன்.

இப்போது ஏன் திடீரென்று என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வரன் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை அரசுப் பள்ளி ஆசிரியர், அம்மா மட்டும் இருக்கிறார். லெந்து என்கிற தவக்காலத்தில் நல்ல காரியம் பேசுவதில்லை என்பதால், ஈஸ்டர் கழிந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைக் கொஞ்ச நேரமும் தாயை நிறைய நேரமும் பார்ப்பார்கள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள்? நூலிலேயே கிடந்தவள் என்பதால் இந்தப் பழமொழியை என்னிடம் சொல்லாத ஆளே ஊரில் கிடையாது.

ஆக, என் முகம் என் மகளுக்கு வெட்கமாக இருக்கிறது. வருகிறவர்கள் முன்னால் உட்கார வைக்க லாயக்கில்லாத முகமாக இருக்கிறது. அப்படித்தான் நினைத்தேன், அந்த நினைப்பு மார்பில் போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதானா என்பது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். நேராகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவாள். பஞ்சு விற்கிறவனிடமே பஞ்சு நல்லதா என்று கேட்டு என்ன பயன்? வரமாட்டேன் என்று மறுத்திருக்கலாம். மறுத்தால் அவள் பேச்சை விட்டுவிடுவாள், எனக்கும் கடைசிவரை எதுவும் தெரியாமல் போகும். அதனால் சரி என்றேன். அவளே ஒரு நொடி ஆச்சரியப்பட்டுப் போனாள்.

கிளினிக்கில் முதல் அறையிலேயே சுவர் நிறைய போட்டோக்கள். முன்பு, பின்பு என்று ஜோடி ஜோடியாக. முன்பு போட்டோவில் எல்லோரும் குனிந்து, உம்மென்று, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் இருந்தார்கள். பின்பு போட்டோவில் தலைநிமிர்ந்து, எண்ணெய் வைத்து வாரி, லேசாகச் சிரித்தார்கள். நான் போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று பார்த்தேன். மில்லுக்கு மெஷின் சாமான் விற்க வருகிறவர்கள் இப்படித்தான் இரண்டு நூற்கண்டுகளைக் கொண்டு வருவார்கள், அவர்கள் சாமானில் ஓடியது ஒன்று, மற்றவன் சாமானில் ஓடியது ஒன்று. விற்க வருகிறவன் சாம்பிளை மேசையில்கூட வைக்கவிடக் கூடாது என்று எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான்.

மகள் வெளியே லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே தளவாய்புரத்துப் பிள்ளை ஒருத்தி என்னைப் படுக்க வைத்து முகம் கழுவிவிட்டாள். வீட்டில் எல்லோரும் நைட்டி தைக்கிறவர்களாம். வெள்ளைப் பென்சிலால் என் கன்னத்திலும் தாடையிலும் கட்டம் கட்டமாகக் கோடு போட்டபோது அது பொய்யில்லை என்று தெரிந்தது. துணியை வெட்டும் முன் போடுகிற கோடு மாதிரி ஒரே இழுப்பு. "ஐயோ ஆன்ட்டி, இந்த எடத்துலதான் ரொம்ப எறங்கிருச்சு. முந்தியே வந்திருக்கலாமே" என்று உச்சுக் கொட்டினாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் வருகிற பெண். முகத்தில் குளுகுளு என்று ஜெல்லைத் தடவி, கைப்பிடி போன்ற ஒன்றை இடது கன்னத்தில் அழுத்தினார். டிக் டிக் என்று சத்தம். ஒவ்வொரு சத்தத்துக்கும் தோலுக்கு மிக அடியில் சுருக்கென்று ஒரு சூடு. மேலே ஒன்றும் இல்லை, உள்ளேதான். கன்னத்தில் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தாடை எலும்பின் ஓரம் வந்தபோது பல்லின் வேரில் கட்டெறும்பு கடித்த மாதிரி இருந்தது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். வலிக்கிறது என்றேன். "எலும்புப் பக்கம் அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் குறைச்சுக்கிடலாம்" என்றார். வலிக்காது என்று சொல்லாதவரை கொஞ்சம் நம்பலாம் போலிருந்தது. பிறகு, இப்படி உண்மையைச் சொல்லியே நம்பவைக்கிற வித்தையும் உலகத்தில் உண்டே என்று தோன்றியது.

இடது பக்கம் முடிந்ததும் அந்தப் பிள்ளை என்னை எழுப்பி உட்கார வைத்து, கையில் கண்ணாடி கொடுத்தாள். "பாருங்க ஆன்ட்டி, ஒரு பக்கந்தான் முடிஞ்சிருக்கு. எம்புட்டு வித்தியாசம் பாருங்க." பார்த்தேன். இடது பக்கம் சற்று ஏறித்தான் இருந்தது.

"வீக்கமாவும் இருக்கலாம்" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "பாதி வீக்கந்தான். உண்மையான பலன் ரெண்டு மூணு மாசம் போகப் போகத்தான் தெரியும். எல்லாருக்கும் ஒரே அளவுக்கும் தெரியாது. படுத்துக்கிடுங்க, வலது பக்கம் பார்ப்போம்."

நான் படுக்கவில்லை.

மில்லில் ஒரு முறை உண்டு. நூல் நூற்கிற மெஷினுக்கு இடம் வலம் என்று இரண்டு பக்கம். புதுச் சாமான் ஒன்று வந்தால் மெஷின் முழுக்க மாட்டமாட்டோம். ஒரு பக்கத்தில் மட்டும் புதிது, மறுபக்கத்தில் பழையது. ஒரே பஞ்சு, ஒரே வேகம், ஒரே ஆள். ஓடவிட்டு இரண்டு பக்க நூலையும் எடுத்து ஒப்பிட்டால்தான் சாமானின் யோக்கியதை தெரியும். இரண்டு பக்கமும் மாட்டிவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? விற்றவன் சொன்னதுதான் வேதம்.

"வலது பக்கம் இப்ப வேண்டாம்" என்றேன். "இது டிரையல். இடது பக்கம் மட்டும் ஓடட்டும். மூணு மாசம் கழிச்சுப் பாப்போம்."

அந்தப் பிள்ளை பென்சிலைக் கீழே போட்டுவிட்டாள். "ஆன்ட்டி, கோணலாத் தெரியுமே." டாக்டர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் பாதி முகத்தோடு எழுந்து போனதில்லையாம். நான் ஜெல்லைத் துடைத்துக்கொண்டு முந்தானையைச் சரிசெய்தேன். வெளியே மகள், "முடிஞ்சதாம்மா?" என்று கேட்டாள். "முடிஞ்சது" என்றேன். முகம் இரு பக்கமும் தெரியாதபடி சேலையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். எந்தப் பக்கம் என்று அவளிடம் மட்டுமில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பக்கம் தெரிந்துவிட்டால் கண் பாரபட்சம் பார்க்கும்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நூல் ஒன்று கெட்டால் கழித்துப் போடலாம். முகத்தை என்ன செய்வது என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

தாடையைத் தொட்டால் சில நாள் உள்ளே கன்றிப்போன வலி இருந்தது. அது போன பிறகு டிரையல் ஆரம்பமானது. காலையில் அடுப்படி ஜன்னலருகே, கழுத்துக்குக் கறுப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு, தாடைக்கோடு தெரியும்படி கண்ணாடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். போனில் போட்டோ எடுத்து வைப்பேன். சில நாள் இடது பக்கம் காதுக்குக் கீழே நன்றாக இறுகியிருப்பது போலத் தெரியும். சஞ்சீவி மலைப் பக்கம் மேகம் மூடிய நாளில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் தெரியும். என் கண்ணையே எனக்கு நம்ப முடியவில்லை.

கணவரைக் கூப்பிட்டு, "என் மொகத்துல ஒரு பக்கம் வைத்தியம் செஞ்சிருக்கு. எந்தப் பக்கம்னு சொல்லுங்க" என்றேன். பேப்பரை மடித்துவைத்து, கண்ணாடியை மாட்டி, நீதிபதி போலப் பார்த்து, "வலது" என்றார். சந்தேகமே இல்லாமல் சொன்னார். இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். கோவிலில் பக்கத்துப் பெஞ்சு அம்மா மட்டும், "ஒரு பக்கமாவே படுத்து ஒறங்குதீகளோ?" என்று கேட்டார். எந்தப் பக்கம் என்று பதிலுக்குக் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மகள் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. காசு கட்டி அனுப்பியவள் பலன் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டாளா? சாப்பாட்டு மேசையில் அவள் தலையைத் தூக்கினால் நானும் தூக்குவேன். உடனே தட்டைப் பார்ப்பாள். வெட்கம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு வாரம் அவளுக்குப் பிடித்த குழம்பு வைக்கவில்லை. அதையும் அவள் கேட்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து ஒரு ஞாயிறு சாயங்காலம் அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, கூட இரண்டு உறவினர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் வேறு எதைக் கொண்டு வருவார்கள், பால்கோவாதான். மாப்பிள்ளையின் அம்மா என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், எந்த இடத்திலும் இறுக்கம் இல்லாத, தாராளமாகத் தொங்குகிற முகம். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி கோபம் போய்விட்டது. இந்த முகத்துக்கு முன்னாலா என் முகத்தை ஒளிக்கப் பார்த்தாள்?

பேச்சைத் தொடங்கும் முன் ஜெபம் செய்தார்கள். உறவினரில் பெரியவர் ஒருவர் நீளமாக ஜெபித்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். ஜெபத்தில் கண்ணைத் திறப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் என் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. மெதுவாகத் திறந்தேன். மாப்பிள்ளையின் அம்மா கண்ணை இறுக மூடி உதடு அசைய ஜெபித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையும் மூடியிருந்தார். என் கணவர் ஏறக்குறையத் தூங்கிக்கொண்டிருந்தார்.

கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது என் மகள்தான்.

நான் பார்த்ததை அவள் கவனிக்கவில்லை. அவள் கண் என் இடது தாடையில் இருந்தது. பிறகு வலது தாடைக்குப் போனது. திரும்ப இடது. வெட்கப்படுகிறவள் பார்வை அது இல்லை. வெட்கப்பட்டால் கண் வேறு பக்கம் போகும், இப்படி நின்று நிதானித்துப் பார்க்காது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். கறுப்பு அட்டைக்கு முன்னால் நான் வருடக்கணக்கில் பார்த்த பார்வை.

ஆமென் சொன்னோம். காபி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் முகவாயைத் தொட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பிள்ள அப்படியே ஒங்க சாடைதான். அச்சு அசல்."

அவர் அன்பாகத்தான் சொன்னார். என் மகளும் சிரித்தாள். ஆனால் சிரிக்கும்போதே அவள் கை தானாகப் போய்த் தன் தாடையைத் தொட்டுப் பார்த்தது. காதிலிருந்து வாயோரம் வரை விரலால் ஒரு தடவை தடவிவிட்டு இறங்கியது. நான் அதைப் பார்த்துவிட்டேன்.

அவர்கள் போனதும், பிடித்திருக்கிறது என்று வழியிலிருந்தே போன் செய்தார்கள். கணவர் அந்தச் சந்தோஷத்தை யாரிடமோ சொல்ல வெளியே போனார். நான் மாடிக்குப் போனேன். மகள் காதிலிருந்து கம்மலைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னைய எதுக்குட்டி அந்தக் கிளினிக்குக்கு அனுப்புன?"

"நீ நல்லா இருக்கணும்னுதாம்மா."

"பொய் சொல்லாத. ஜெபம் பண்ணும்போது கண்ண மூடாம எதுக்கு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்த?"

அவள் கம்மலைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"பகல் பூரா அந்த ஸ்கிரீன்ல என் மொகத்தத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன். போன வருசத்துல இருந்து, குனிஞ்சா இந்த எடத்துல லேசா எறங்குது. எல்லாரும் ஒன் சாடைன்னு வேற சொல்லுதாக. ஒனக்கு வந்தது எனக்கும் வரும்ல. அந்த மெஷின் ஒன் தோலுக்குக் கேட்டுச்சுன்னா என் தோலுக்கும் கேக்கும். அதான் மொதல்ல ஒனக்குப் பாப்போம்னு."

"மொதல்ல எனக்கா? அப்ப நான் சாம்பிளா?"

அவள் தலை குனிந்தாள். பிறகு, அந்த நிலையிலும், சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட முடியாமல் சொன்னாள்: "நீ பாதியில எந்திரிச்சு வந்தது எனக்கு அன்னைக்கே தெரியும். மறுபக்கத்துக்கு எப்ப வாரீகன்னு கிளினிக்குல இருந்து எனக்குத்தான் போன் வந்துச்சு. நானும் கேக்கல. ரெண்டு பக்கமும் செஞ்சிருந்தா எதோடம்மா ஒப்பிட முடியும்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை மாதம் இவள் என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். வெட்கம் இல்லை, பயம். என் முகம் தனக்கு வந்துவிடுமோ என்கிற பயம். வெட்கமாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று தோன்றியது. வெட்கப்பட்டால் மூடி மறைத்துக்கொண்டு போய்விடலாம். பயத்துக்கு என்ன செய்வது? அந்த முகத்தை அவளுக்குக் கொடுத்ததே நான்தானே. அதே சமயம், சொல்லக் கேவலமாகத்தான் இருக்கிறது, இவள் யோசித்த விதத்தில் ஒரு பிசிறு இல்லை என்றும் பட்டது.

"சரி, பாத்தேல்ல? ரிசல்ட்டச் சொல்லு" என்றேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். சாயங்கால வெளிச்சம் மிச்சமிருந்தது.

அவள் வந்து என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது பக்கம் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். வலது பக்கம் திருப்பினாள். அங்கேயும் பார்த்தாள். அந்தத் தொங்கலை இரண்டு விரலால் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டாள். அவள் அவசரப்படவில்லை. கைக்குழந்தையாக என் மடியில் கிடந்த காலத்துக்குப் பிறகு அவள் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"இடது பக்கம் நல்லாத்தாம்மா இருக்கு" என்றாள். "நெசமாவே கேட்டிருக்கு. கொஞ்சந்தான், ஆனா கேட்டிருக்கு."

"அப்ப நீயும் போயி செஞ்சிக்கிடப் போறியா?"

அவள் கை இன்னும் என் வலது கன்னத்தில்தான் இருந்தது.

"தெரியல" என்றாள். "இந்தப் பக்கந்தான் எங்கம்மா மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டு அழுதாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அழுகிறாளோ என்று எனக்கு உடனே சந்தேகம் வந்தது. என் புத்தி அப்படி. அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒரு கண்ணைப் பார்த்தேன், பிறகு மறு கண்ணைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரிதான் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

அழுதால் முகம் வீங்கும், நாளைக்கு அந்தக் கேமராவில் எப்படி உட்காருவாய் என்று திட்டினேன். அவள் என் கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை.